பொங்கேக்கை எழுப்பும்

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பனி பிடிக்காது என்று சொன்னால் அது பிழை. ஒன்றைப் பிடிக்காமல் போவதற்கு முதலில் அது இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அக்கா அதையே ஒத்துக்கொள்ளவில்லை. இந்தக் குளிர் நாட்டில், மோர்னிங்சைட்டில், எங்கள் இரண்டு டவுன்ஹவுசுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு நாங்கள் ஒவ்வொரு விண்டரும் நடுங்கினோம். அந்தப் பக்கம் அவர் பாட்டுக்கு யாழ்ப்பாணத்து வெய்யிலில் இருந்தார்.

தை மாதத்தில், மூக்கின் ஈரமே உறைகிற குளிரில், குப்பை வாளியை உருட்டிக்கொண்டு வருவார். மேலே புருசனின் பழைய ஜாக்கெற், கீழே பருத்திச் சேலை, காலில் ரப்பர் செருப்பு. காலுறையைப் போட்டு, பெருவிரலுக்குப் பக்கத்தில் அதை உள்ளே தள்ளி, செருப்பைக் கொளுவியிருப்பார். அவருக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுக்காத ஆள் இல்லை. ஒஷாவாவில் கட்டிக்கொடுத்த மகள் வாங்கிக் கொடுத்தாள். நானும் ஒரு சோடி கொடுத்தேன். எல்லாம் பெட்டியோடு படிக்குக் கீழே கிடந்தன.

"சறுக்கி விழுந்தால் ஆரக்கா பாக்கிறது?" என்று கேட்டால் சிரிப்பார்.

"உது என்ன பிள்ளை, கட்டித் தண்ணி. நேற்று வானத்திலை நிண்டது, நாளைக்குத் தெருக்கானுக்குள்ளை ஓடிடும். உதுக்காக நான் உடுப்பு மாத்துறதோ?"

உடுப்புத் தோய்த்தாலும் அப்படித்தான். வீட்டில் காயவைக்கிற மெசின் இருந்தது. அதற்கு மேல் கடலைமா வாளியை வைத்திருந்தார். பின்வளவில் கொடி கட்டி, பனி கொட்டக் கொட்ட உடுப்பைக் காயப்போடுவார். ஒருநாள் அவருடைய புருசன் இடுப்பில் கட்டுகிற சாரம் பலகை போல விறைத்துப்போக, அதைக் கழற்றிச் சுவரில் சாத்தி வைத்திருந்தார். நான் யன்னலால் பார்த்து, யாரோ நிற்கிறார்கள் என்று பயந்தே போனேன். அக்காவின் புருசன் வேலையால் வந்து அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பார் பிள்ளை, நான் இல்லாமலே என்ரை சாரம் வீட்டுக்குக் காவல் நிக்குது."

அவரை நாங்கள் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். மிசிசாகாவில் விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிற வேலை, எந்நாளும் நைற் ஷிப்ற். மெலிந்த மனிதர், அதிகம் பேசமாட்டார், பேசினால் சிரிப்பு வரும். அக்காவுக்கு நேர்மாறாக அவருக்குக் குளிர் ஒத்துவராது. பகலில் நித்திரை கொள்ள வேண்டியவர் என்பதால், சமையல் சத்தம் கேட்காத அறையைக் கொடுத்திருந்தார்கள். அது கராஜுக்கு மேலே இருந்தது. கராஜுக்கு மேலே உள்ள அறை எந்த வீட்டிலும் குளிர்தான். தொப்பியும் போட்டு, இரண்டு போர்வையும் போர்த்து, அப்பாவி மனிதர் அதற்குள் சுருண்டு கிடப்பார். "அறைக்குக் கொஞ்சம் சூடு வந்தால் போதும், வேறை ஒண்டும் வேண்டாம்" என்பார். அக்காவுக்கு அது மனதுக்குள் ஒரு குறையாகவே இருந்தது.

அந்த வீட்டில் கூரையில் பூட்டியிருந்த புகை மணிகளையெல்லாம் கழற்றி அலுமாரிக்குள் வைத்திருந்தார்கள். அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எங்கள் வரிசையில் பாதி வீடுகளில் அதே கதைதான். செத்தல் மிளகாய் தாளித்தால் போதும், அது ஊரைக் கூட்டும். நைற் ஷிப்ற் மனிதர் நித்திரை கொள்கிற வீட்டில் யார் அதை வைத்திருப்பார்கள்?

அக்காவின் இந்தப் பிடிவாதத்துக்கெல்லாம் உச்சம் தைப்பொங்கல். மற்ற எல்லோரும் குசினி அடுப்பில் பொங்கிவிட்டு, பானையை யன்னலடிக்குக் கொண்டுபோய்ச் சூரியனுக்குக் காட்டுவோம். அவர் காட்டமாட்டார். விடியமுன் எழும்பித் தலைக்குத் தோய்ந்து, கராஜுக்கு முன்னால் டிரைவ்வேயில் ஒரு சதுரத்துக்குப் பனியை வழித்தெடுப்பார். கோலம் போடுவார். பனியில் வெள்ளை மா தெரியாது என்று அரிசிமாவுக்குள் மஞ்சள் கலந்து வைத்திருப்பார். அதற்கு மட்டும் பனியைக் கணக்கில் எடுத்தார். மூன்று கல் வைத்து, பெற்றோல் ஸ்ரேசனில் கட்டாக விற்கிற விறகை அடுக்கி, புதுப்பானை ஏற்றுவார். பால் பொங்கி வழிகிற நேரம் அண்ணையைத் தட்டி எழுப்புவார். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, மூன்று தரம் அரிசியைக் கைகுவித்துப் போட்டுவிட்டு, குளிரில் பல் கிட்டிப்போகக் கும்பிட்டுவிட்டு ஓடுவார். இதுதான் வருசா வருசம்.

ஒரு வருசம் புகையைக் கண்டு யாரோ தீயணைப்புப் படைக்கு ரெலிபோன் அடித்துவிட்டார்கள். பெரிய சிவப்பு வாகனம் வந்து நின்றது. அக்கா கொஞ்சமும் பதறாமல், வந்த பெடியன்களுக்கு வாழையிலைத் துண்டில் பொங்கலைக் கொடுத்தார். அவர்களும் நின்றபடியே தின்றார்கள். போகும்போது ஒருவன் அடுப்பைக் காட்டி, வீட்டைக் காட்டி, இதை ஒருபோதும் உள்ளே கொண்டுபோக வேண்டாம் என்று சொன்னான். என் மகள் அதைத் தமிழில் சொன்னாள்.

"விசர்ப் பெடியன். உள்ளுக்கு ஆர் பொங்கிறது? கூரைக்குக் கீழை வைச்சால் அது சோறு, பொங்கல் இல்லை" என்றார் அக்கா.

வீடு பற்றிக்கொள்ளும் என்பதற்காகச் சொல்கிறான் என்றுதான் நாங்கள் எல்லோரும் விளங்கிக்கொண்டோம்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டேன். இருவருமாக இடியப்பத்துக்கு மா வறுத்துக்கொண்டிருந்தோம். மாவை அரித்துக்கொண்டே சொன்னார்.

"சண்டைக்காலத்திலை, செல்லடிக்குள்ளையும் பொங்கினனான், பிள்ளை. பாலில்லாமல் தேங்காய்ப்பால் விட்டுப் பொங்கினனான். ஒரேயொரு வருசம்தான் விட்டனான். இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழை கிடந்தம், ஆர் பொங்கிறது எண்டு விட்டிட்டன். அந்த மாசமே என்ரை தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். இண்டைக்கு வரை ஒரு செய்தியும் இல்லை."

அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று யோசித்துக்கொண்டு நான் கிண்ட மறந்தேன். மா கருகப் போகிறது என்று அவரே என் கையிலிருந்த அகப்பையை வாங்கினார்.

புயல் வரப்போகிறது என்றால் எங்கள் சனம் இரண்டு வேலை செய்யும். தமிழ்க் கடைக்கு ஓடி, பஞ்சம் வந்ததுபோலப் பாணையும் பாலையும் அள்ளும். பிறகு வீட்டுக்கு வந்து ரெலிபோனைத் தூக்கும். நான் சொல்லவந்த அந்தப் பொங்கலுக்கு முதல்நாளும் அப்படித்தான். கோயிலில் பொங்கல் இல்லையாம், வானொலியில் வெளியே போகவேண்டாமாம், இன்னார் வீட்டில் ஒருவரும் வெளிக்கிடவில்லையாம், நீங்களும் வெளிக்கிடாதேங்கோ. ஒஷாவாவில் இருந்து மகள் அழாத குறையாக எடுத்துச் சொல்லியிருக்கிறாள்: "அம்மா, ப்ளீஸ், இந்த ஒரு வருசம் ஸ்ரோவிலை வையுங்கோ. எங்களாலை வரவும் ஏலாது." அக்கா ஓம் ஓம் என்றுவிட்டு, விறகை எடுத்துக் கராஜுக்குள் வைத்திருக்கிறார்.

விடிய எழும்பிப் பார்த்தால் தெருவே இல்லை. எது கார், எது வேலி என்று தெரியாமல் எல்லாம் ஒரே மேடு. காற்று பனியைத் தூக்கிக் கதவில் அறைந்தது. அண்ணை வேலையிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்தார். காரைப் பிரதான தெருவிலேயே விட்டுவிட்டு, இடுப்பளவு பனிக்குள்ளால் நடந்து வந்தார். கண்ணிமையெல்லாம் வெள்ளை. வாசலில் நின்று பனியை உதறிக்கொண்டு அக்காவிடம் சொன்னதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நானே கேட்டேன்.

"என்னாலை ஏலாது. கொஞ்சம் சரியப் போறன். பொங்கேக்கை எழுப்பும், என்ன?"

"ஓம். நீங்கள் போய்ப் படுங்கோ."

அக்கா வழக்கம்போலச் சதுரம் வழித்தார். வழிக்க வழிக்க மூடியது. கோலத்தைக் காற்று கொண்டுபோனது. நெருப்பு மூட்ட மூட்ட அணைந்தது. நாங்கள் முன்யன்னலில் நின்று பார்த்தோம். "அக்கா, காணும், விடுங்கோ, உள்ளுக்குப் போங்கோ!" என்று என் மனுசன் கத்தினார். அக்காவுக்குக் கேட்டிருக்காது. சேலைத் தலைப்பு விறைத்துப்போய், தலைமயிரெல்லாம் பனியாய், அவர் குனிந்து ஊதிக்கொண்டே இருந்தார். கடைசியில் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். சூரியன் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. பிறகு கல்லைத் தூக்கினார். கராஜ் வாசலுக்கு உள்ளே வைத்தார். விறகு ஈரமாகிவிட்டதால், கோடையில் வாங்கிப் பிரிக்காமல் கிடந்த கரிப் பையைப் பிரித்தார். கதவைத் திறந்து வைத்தபடி அங்கே பொங்கினார்.

பனிக்கு அவர் விட்டுக்கொடுத்த முதல் நாள் அது.

பால் பொங்கி வழிந்தது. நல்ல பக்கமாக, கிழக்கே வழிந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். படைத்து, கும்பிட்டு, பானையை இறக்கினார். அடுப்பில் தணல் நிறையக் கிடந்தது. நல்ல நாளில் தண்ணீர் ஊற்றி அடுப்பை நூர்க்கக் கூடாது, தானாக அடங்க வேண்டும். பனி உள்ளே அடித்துக்கொண்டிருந்ததால் கராஜ் கதவை முழுதாக இறக்கினார். பிறகு, வீட்டுக்குள் போகிற சின்னக் கதவை மட்டும் திறந்து வைத்தார். மேலே அண்ணை படுத்திருக்கிறார், சூடு போகட்டும் என்று.

எழுப்பத்தான் மேலே போயிருக்கிறார். மனிதர் குறட்டை விடுவதைப் பார்த்துவிட்டு மனம் கேட்காமல் திரும்பிவிட்டார்.

முழங்காலுக்கு மேல் புதையும் பனியில், அதே ரப்பர் செருப்போடு, மூடியில்லாத சட்டியைத் தலைப்பால் பொத்திக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். முன்வீட்டு மன்னார் அங்கிளுக்கும், அதற்கடுத்த வீட்டுக்கும் கொடுத்துவிட்டு வருகிறார். சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் என்றாலும் மன்னார் அங்கிளுக்குத்தான் முதல் பங்கு, அவருக்கு முந்திரிகை வத்தல் கூடப் போடவேண்டும். அக்காவின் முகம் அப்படி மலர்ந்திருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

"பாத்தியே பிள்ளை, விட்டனானே? பொங்கீட்டனெல்லோ!"

"அண்ணை எழும்பீட்டாரோ?"

"எழுப்பேல்லை. பாவம், நடந்து வந்த மனுசன். தணலும் கிடக்கு, அறையும் சூடாயிருக்கும், நல்லாப் படுக்கட்டும். போய் எழுப்பி, ஒண்டாச் சாப்பிடுவம்."

நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. தணலைக் கண்டு எங்கள் சனத்தில் யார் பயந்தது? பிள்ளை பெற்றவளின் கட்டிலுக்குக் கீழே தணல் வைத்துச் சாம்பிராணி போட்ட சனம் நாங்கள். ஆனால் ஊரில் அந்த வீடுகளில் ஓட்டுக்கு நடுவே வானம் தெரியும், சுவரில் காற்றுக்கு ஓட்டை இருக்கும். இந்த நாட்டு வீட்டில் ஒரு மூச்சும் வெளியே போகாதபடி எல்லா இடமும் அடைத்திருக்கிறார்கள் என்பதும், புகையில்லாத தணலும் ஆளைக் கொல்லும் என்பதும் எங்களுக்கு யார் சொன்னது?

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் நடுச்சுவரில் அந்தப் பக்கமிருந்து ஓர் இடி விழுந்தது. பிறகு இன்னொன்று. "இஞ்சேருங்கோ! இஞ்சேருங்கோ!" என்ற குரல், அண்ணையைக் கூப்பிடுவதுபோலத் தொடங்கி, ஊளையாக மாறியது.

நாங்கள் ஓடினோம். அண்ணை கட்டிலில் மல்லாந்து கிடந்தார். முகம் சிவந்து, இவ்வளவு நாளும் இல்லாத ஒரு வடிவோடு இருந்தார். அறை இதமான சூடு. அக்கா அவருடைய தோள் இரண்டையும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"பொங்கீட்டுது, எழும்புங்கோ. பொங்கீட்டுது எண்டு சொல்லுறன், எழும்புங்கோவன்!"

எனக்குத் தலை சுற்றியது. கீழே நின்று அவசர உதவிக்குப் பேசிய என் மகள் கத்தினாள்: "அம்மா, எல்லாரும் அவுற்சைட்! கரியாலை வாற காஸாம், மணக்காதாம்! அங்கிளையும் தூக்கிக்கொண்டு வாங்கோ, நவ்!"

போர்வையோடு இழுத்துக்கொண்டு படியால் இறங்கினோம். அவருடைய குதிக்கால் ஒவ்வொரு படியிலும் அடித்துச் சத்தம் போட்டது. வாசலைத் தாண்டி, பனியில் அவரைக் கிடத்தினோம். அக்கா அவருக்கு மேலே நாலு காலில் நின்றார், பனி முகத்தில் விழாமல். விழுந்ததைக் கையால் துடைத்தார். பொங்கலுக்கு உடுத்த பட்டுத் தலைப்பால் வாயைத் துடைத்தார். நெஞ்சு மெதுவாக ஏறி இறங்கியது. நிற்கிறதோ, ஓடுகிறதோ என்று ஒவ்வொரு முறையும் எங்களுக்கு உயிர் போய் வந்தது.

அம்புலன்ஸ் தெரு முனையில் புதைந்து நின்றது. அதன் வெளிச்சம் சுழல்வது தெரிந்தது, வரத்தான் வழியில்லை. மன்னார் அங்கிள் சாரத்துக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு பனி அள்ளுகிற சவலோடு இறங்கினார். "வாங்கோடா, வெட்டுங்கோ!" என்று அவர் போட்ட சத்தத்தில் வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. பனி என்றால் யன்னல் சீலையை இழுத்து மூடுகிற சனம் முழுவதும் தெருவில் நின்றது. சவல் இருந்தவர் சவலால், இல்லாதவர் பேக்கிங் தட்டால், குப்பை வாளி மூடியால் அள்ளினார்கள். நைற்றிக்கு மேலே சால்வை போட்ட ஒரு மனுசி சுளகால் அள்ளி எறிந்தார். நானும் அள்ளினேன். விரல் இருக்கிறதா என்று தெரியவில்லை. அள்ளிய இடத்தைக் காற்று மறுபடி நிரப்பியது. "கர்த்தரே, கொஞ்சம் நில்லுமன், கொஞ்சம் நில்லுமன்" என்று மன்னார் அங்கிள் அழுதுகொண்டே வெட்டினார்.

வாகனம் வரவில்லை. நாங்கள் வெட்டிய ஒடுங்கிய பாதையால் ஆட்கள் நடந்து வந்தார்கள், ஒட்சிசனோடும் தூக்குப்படுக்கையோடும். அண்ணையின் முகத்தில் மூடியைப் பொருத்தினார்கள். அவர்களில் ஒருவன் கராஜ் கதவைத் தூக்கினான். மூன்று கல்லுக்கு நடுவே தணல் சத்தமில்லாமல், சிவப்பாக இருந்தது. மன்னார் அங்கிளின் சவலை வாங்கி, ஒரு சவல் பனியை அள்ளி அதில் கொட்டினான். ஒரு சீறலோடு அடுப்பு நூர்ந்தது. அக்கா அதைப் பார்த்தார்.

அண்ணை சாகவில்லை. தெய்வம் காப்பாற்றியது என்று சனம் சொன்னது. பல கிழமைக்குப் பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நடப்பார், கையால் தீத்தினால் சாப்பிடுவார், எங்களைப் பார்த்தால் சிரிப்பார். ஆனால் அந்தக் காற்று மூளையைத் தொட்டுவிட்டது என்று டொக்டர் சொன்னாராம். பழையது எல்லாம் ஞாபகம் இருந்தது. புதிதாக ஒன்றும் நிற்கவில்லை. எந்த நேரம் படுத்து எழும்பினாலும், அவருக்கு அது அதே பொங்கல் காலைதான்.

அக்கா மாறிப்போனார். படிக்குக் கீழே கிடந்த சப்பாத்துப் பெட்டிகளைப் பிரித்தார். தொப்பி, கையுறை, தடித்த கோட், எல்லாம் போட்டார். பின்வளவுக் கொடியை அறுத்தார். புகை மணிகளைப் பூட்டச் சொல்லி மகளின் கையில் கொடுத்தார். பனியை ஒருவழியாக ஒத்துக்கொண்டுவிட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஆனால் கராஜுக்கு மேலே இருந்த அந்த அறையின் யன்னலை அவர் பூட்டவே இல்லை. நடு விண்டரிலும் அது திறந்தே கிடந்தது. மகள் வந்து சத்தம் போட்டாள், அழுதாள். அவள் பூட்டிவிட்டுப் போனால், கார் வளைவு திரும்பமுன் திறந்துவிடுவார். அடுத்த பொங்கலுக்கு டிரைவ்வேயில் சதுரமும் இல்லை, கோலமும் இல்லை. அவர் பிறகு பொங்கவே இல்லை.

மகள் அவர்களை ஒஷாவாவுக்குக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன், கடைசியாக ஒருதரம் போய்ப் பார்த்தேன். அன்றும் புயல். கீழே யாரையும் காணாமல் மேலே ஏறினேன். அறைக்குள் என் மூச்சே புகையாகத் தெரிந்தது. யன்னல் நிலையில் உள்பக்கமாகப் பனி குவிந்திருந்தது. அண்ணைக்கு மேலே வீட்டிலிருந்த போர்வை முழுவதும் கிடந்தது. அக்கா கோட்டும் தொப்பியுமாகக் கதிரையில் இருந்து அவருடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யன்னலைக் கொஞ்சம் சாத்தட்டோ அக்கா? நீங்களே செத்துப்போவியள்."

"வேண்டாம் பிள்ளை. காத்து வரட்டும்."

எங்கள் குரலில் அண்ணை கண் விழித்தார். என்னைப் பார்த்து அதே பழைய சிரிப்பைச் சிரித்தார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார்.

"பொங்கீட்டுதோ? எழுப்பச் சொன்னனானெல்லோ?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நாளைக்கு எத்தனை தரம் இந்தக் கேள்வி வருகிறதோ, அத்தனை தரமும் இந்த மனுசி இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அக்கா கையுறையைக் கழற்றி, அவருடைய மூக்கடியில் விரலைப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னும் இல்லை. நீங்கள் படுங்கோ. பொங்கேக்கை எழுப்பிறன்."

அண்ணை நம்பித் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடினார். அக்கா எழும்பிப் போய், யன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தார்.